படம் நின்ற பிறகும் போன குரல்

வழிவிடுவது எப்படி என்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கோயில் சுவாமி கடலில் நீராட, ஆறாட்டுக்குப் புறப்பட்டால் திருவனந்தபுரத்தில் விமானமே காத்து நிற்கும். யானை முன்னே நடக்க, ஓடுபாதையைக் கடந்து கடலுக்குப் போவார். அந்த ஊரில் பிறந்தவனுக்கு இன்டர்நெட் லைனில் யாரை முன்னே விடுவது, யாரை நிறுத்தி வைப்பது என்பதா தெரியாது? (நம்பிக்கைக்கு மட்டும் என்னிடம் என்றைக்கும் குறைவில்லை.)

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஐ.டி. கம்பெனியில் நெட்வொர்க் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் ஸ்ரீவராகம் வீட்டில் ஜானகி அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள், அமெரிக்காவிலிருந்து, வெப்கேமரா வழியாக. அப்பா ஒன்றுதான் சொன்னார்:

"பேசிண்டிருக்கறச்சே கட்டாகப்படாது. அது உன் பொறுப்பாக்கும்."

எங்கள் லைனோ ஒற்றையடிப் பாதை. மோடத்தின் செட்டிங்ஸைத் திறந்தேன். குரல் காத்திருக்காது, கொஞ்சம் தாமதித்தாலும் பேச்சு செத்துவிடும். ஆபீஸில் கற்ற பாலபாடம். எனவே குரலுக்கு முதலிடம். இரண்டாமிடம், நாள்கணக்காக நான் இறக்கிக்கொண்டிருந்த பாட்டுகளுக்கு (அதுவும் குரல்தானே). மிச்சமெல்லாம் கடைசி வரிசை, பெயர் 'மற்றவை'. பையனின் முகமும் அந்த வரிசையில்தான் நிற்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சனிக்கிழமை காலை. பட்டுப்புடவையில் அக்கா, அப்பா, அம்மா, தன் அபிப்பிராயங்களோடு அத்தை. திரையில் பையன் சிரித்தான். அவன் அம்மா பேசினாள், பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள். அந்த அம்மாள் மூச்சு வாங்க நிறுத்திய நேரம் பார்த்துப் படம் உறைந்தது. பாதி மூடிய கண், பாதி திறந்த வாய். கொட்டாவிக்கும் தும்மலுக்கும் நடுவே பையன் சிலையாகிவிட்டான்.

"கட்டாயிடுத்து," என்றாள் அத்தை, நிம்மதியாக. "நெத்தி இப்பவே பாதி மண்டை வரைக்கும் போயிருக்கு, கேட்டியா."

"முடி போனாப் போட்டும் அத்தை." அக்கா அன்றைக்கு முதல்முறையாக வாயைத் திறந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாரா? அம்மா பேசறா, பிள்ளை தலையாட்டறார். எனக்கு வேண்டாம்பா."

அப்பா மோடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பச்சை விளக்கு குஷியாக மினுக்கிக்கொண்டிருந்தது. உறைந்த வாய் அசையாமலே பேசியது:

"எங்களுக்கு எல்லாம் நன்னாக் கேக்கறது."

மணி அடித்த மாதிரித் தெளிவு. ஆபீஸில்கூட அத்தனை சுத்தமான குரலை நான் கேட்டதில்லை. அத்தை தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள் (ரொம்ப சீக்கிரம்). அப்பா என்னைப் பார்த்த பார்வையை எந்த வரிசையிலும் நிறுத்தி வைக்க முடியவில்லை.

"அம்மா, நீ கொஞ்சம் உள்ள போ," என்றது அதே குரல். "ஜானகி, இருக்கேளா? இப்பக் கேக்கறேன். நீங்களும் கேளுங்கோ."

அக்கா நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டாள். முகம் பார்க்காமல் இரண்டு பேரும் பேசி முடித்தபோது அடுப்படியில் சாம்பார் ஆறியிருந்தது. படம் கடைசிவரை திரும்பவில்லை. என் பாட்டுகள் முழுசாக இறங்கியிருந்தன.

அந்த நெற்றி இன்று பிடரியைத் தொட்டுவிட்டது. வீட்டில் யாராவது யாரையாவது பற்றி வம்பளக்க ஆரம்பித்தால் அத்திம்பேர் தொண்டையைச் செருமுவார்: "படம்தான் நின்னிருக்கு. பாத்துப் பேசுங்கோ."

என் செட்டிங்ஸால்தான் அந்தக் கல்யாணமே நடந்தது என்று நான் இன்றும் அடித்துச் சொல்வேன். அக்கா மறுப்பதில்லை. ஓணத்தன்று எல்லோர் இலையிலும் அடைப்பிரதமன் பாயசம் விட்டுக்கொண்டே வருவாள், என் இலையை மட்டும் தாண்டிப் போவாள்.

"நீ 'மற்றவை'டா. இரு, வரேன்."