மாஷி கடை ஸ்பெஷல்

சௌந்தரத்துக்கு இருந்த பயமெல்லாம் இதைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான். தமிழிலேயே அவளுக்கு ஒரு விஷயத்தை முன்பின் மாறாமல் சொல்ல வராது. ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனவள். இப்போது சொல்லவேண்டியதோ பெங்காலியில். அதுவும் கல்கத்தா பக்கம் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனுக்கு வெளியே, பூரி மாதிரி எண்ணெயில் பொரிக்கிற கொச்சூரிக்குக் கடை போட்டிருக்கும் ஷெஃபாலியிடம். ஊரே அவளை மாஷி என்றுதான் கூப்பிடும், நாம் சித்தி என்கிற மாதிரி. அந்த மாஷியிடம் சொல்லவேண்டியது இவ்வளவுதான்: "நான் ஒரு மாவு கொண்டுவந்து தருகிறேன். அதைச் சுட்டு என் வீட்டுக்காரருக்குக் கொடு. நான் கொடுத்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதே."

எப்படித் திருப்பிப் போட்டுச் சொல்லிப் பார்த்தாலும், போலீஸ் ஸ்டேஷனில் போய் முடிகிற பேச்சாகத்தான் அவளுக்கே பட்டது.

வீட்டுக்காரர் திருவேங்கடம். ரயில்வே யார்டில் வேகன் பழுது பார்க்கிற வேலை. இரும்புச் சக்கரத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் சுத்தியலால் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். சொந்த உடம்பில் விரிசல் விட்டது மட்டும் தெரியவில்லை. சர்க்கரை. அவருடைய தம்பி குருபிரசாத்துக்கும் அதே சர்க்கரைதான். பெஹாலாவில் இருந்தார். போன துர்கா பூஜை சமயத்தில் புதுச் செருப்பு கடித்து இடது குதிகாலில் ஒரு புண் வந்தது. சின்னப் புண். முதலில் அழுகின சதையை எடுத்தார்கள். அப்புறம் பாதத்தை எடுத்தார்கள். அப்புறம் எடுக்க எதுவும் இல்லாமல், ஆளையே மின்மயானத்துக்கு எடுத்துப் போகும்படி ஆயிற்று.

தம்பிக்குக் காரியம் முடித்து ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்த திருவேங்கடம், வாசலிலேயே நின்று ஒரு சபதம் செய்தார்.

"சௌந்தரம், இனிமே நான் கடைச் சாப்பாட்டைத் தொட்டேன்னா என்னைச் செருப்பால அடி."

அடிக்க வசதியாகச் செருப்பையும் அங்கேயே கழற்றி வைத்தார்.

டாக்டர் சொன்னதும் அதையே ஒட்டித்தான் இருந்தது. காலையில் வயிறு நிறைகிற மாதிரி சாப்பிடவேண்டும், மத்தியானம்வரை பசி எட்டிப் பார்க்கக்கூடாது, பசி வந்தால் கால் தானாகக் கடைக்குப் போகும் என்றார். பயறு, பருப்பு, கீரை என்று அடுக்கினார். சௌந்தரத்துக்கு அதில் பாதி புரிந்தது. புரிந்த பாதி போதும். அவளுக்கு அடை சுட வரும். சொந்தக்காரர்கள் சென்னையிலிருந்து வந்து இறங்கினால், காளி கோயிலுக்குப் போவதற்கு முன் அவளுடைய அடையைத்தான் கேட்பார்கள். அரிசியைக் குறைத்து, பச்சைப்பயறும் கொள்ளும் கடலைப்பருப்பும் கூட்டி, பாலக் கீரையை அரிந்து போட்டு, கனமாக, நடுவில் ஓட்டை போட்டுச் சுட்டாள். ஒன்று தின்றால் மாலை டீ வரைக்கும் வயிறு வாயைத் திறக்காது.

திருவேங்கடம் தினமும் காலையில் ஒரே ஒரு விள்ளல் பிட்டு வாயில் போடுவார். உடனே வயிற்றைத் தடவிக்கொள்வார்.

"அடேயப்பா, திம்முனு ஆயிடுச்சு. மீதியை டப்பால போடு. பசிச்சா யார்டுல சாப்புட்டுக்கறேன்."

சாயங்காலம் டப்பா துடைத்த மாதிரி திரும்பி வரும். கழுவக்கூட வேண்டாம் போலிருக்கும். சௌந்தரம் அந்த டப்பாவைப் பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போவாள்.

பூரிப்பு மழைக்காலம் தொடங்குகிற வரைக்கும்தான் நின்றது. ஆபீசில் கொடுத்த புது பூட்ஸ் அவருடைய குதிகாலைக் கடித்தது. சாக்ஸைத் துவைக்க எடுத்தபோது, அதில் காய்ந்த கறையாகத்தான் சௌந்தரம் அதை முதலில் பார்த்தாள். இடது கால். குருபிரசாத்துக்கு வந்த அதே இடம். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் அவர் காலை நீட்டுவார், அவள் வெந்நீரில் துடைத்து மருந்து போடுவாள். புண் காயவில்லை. ஓரம் கறுத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு பயறும் கீரையும் உள்ளே போகிறதே, எங்கே போகிறது என்று அவளுக்குப் புரியவே இல்லை.

எங்கே போகிறது என்று சிவலிங்கம் சொன்னான். அவரோடு யார்டில் வேலை செய்கிறவன், அதே ரயில்வே குவார்ட்டர்ஸ். மீன் மார்க்கெட்டில் பார்த்தபோது, மரியாதைக்காக ஒரு வார்த்தை பாராட்டிவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறான்.

"அண்ணி, உங்க கைப்பக்குவத்துல யார்டு நாய்ங்கெல்லாம் பளபளன்னு ஆயிடுச்சுங்க. முன்னெல்லாம் வேகன் நிழல்ல சுருண்டு கெடக்கும். இப்ப ரயிலைத் துரத்துதுங்க."

அவளுக்குத் தெரியும் என்றே அவன் நினைத்திருந்தான். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் மீதியை மென்று விழுங்கினான். அந்த மீதியையும் அவள் விடாமல் கேட்டு வாங்கிவிட்டாள். அடை நாய்களுக்கு. அண்ணன் மாஷி கடைக்கு. கொச்சூரி, உருளைக்கிழங்குக் குழம்பு, மேலே ரெண்டு ஜிலேபி.

வேறொருத்தியாக இருந்தால் வாசலில் கிடந்த செருப்பை எடுத்திருப்பாள். சௌந்தரத்துக்கு அதற்கும் பயம். சண்டை போட்டால் அவர் கடையை விடமாட்டார், கடையை மாற்றுவார். இங்கிருந்து ஹவுரா போகிற வழியெல்லாம் எண்ணெய்ச் சட்டிதான். அதோடு கோபத்தில் காலை நீட்டுவதையும் நிறுத்திவிட்டால்? புண் எப்படி இருக்கிறது என்று கண்ணால் பார்க்கக்கூட வழியில்லாமல் போய்விடும். குருபிரசாத்தும் அப்படித்தான் புண் முற்றுகிறவரை யாருக்கும் காட்டாமல் சாக்ஸைக் கழற்றாமலே இருந்தார்.

ஒரு நாள் மேம்பாலப் படிக்கட்டுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவளுடைய புருஷன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி தின்றுகொண்டிருந்தார். மாஷி எதை வைத்தாலும் தின்றார், ஏன் என்று கேட்கவில்லை. மீந்துபோன பட்டாணிக் கூட்டை வைத்தாள், அதையும் வழித்தார். இதே வாய்தான் வீட்டில் ஒரு விள்ளலுக்கு மேல் திறப்பதில்லை. வீட்டில் அவள் கொடுத்தால் அது மருந்து. இங்கே கொடுத்தால் சாப்பாடு. அது மண்டையில் உறைத்தபிறகுதான் அவள் மாவோடு கடைக்குப் போனாள்.

பயந்தபடியே தப்பாகத்தான் சொன்னாள். மாஷி கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே கடைசிவரை கேட்டாள். பிறகு, மழை வருமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்:

"விஷமா, பௌதி?"

பௌதி என்றால் அண்ணி. விஷம் வைக்க வந்தவளையும் அண்ணி என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள்.

சௌந்தரத்துக்கு அதற்குமேல் பெங்காலி வரவில்லை. அழுகைதான் வந்தது. தன் செருப்பைக் கழற்றித் தன் குதிகாலைக் காட்டினாள். விரலால் அதை அறுப்பது மாதிரி காட்டினாள். இன்னும் மேலே, கணுக்காலை அறுத்துக் காட்டினாள். கொழுந்தனார் பேரைச் சொல்லி, கையை விரித்தாள். டப்பாவைத் திறந்து, மாவை ஒரு விரலால் தொட்டுத் தானே நக்கிக் காட்டினாள்.

மாஷி எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தாள். அதிலிருந்து எத்தனை பேருக்கு எடுத்துப் போட்டிருக்கிறாளோ.

"உன் வீட்டு பாபு நல்ல கஸ்டமர். போயிட்டார்னா எனக்கும் நஷ்டம்தான்," என்றாள்.

பிறகு தவாவைக் காயவைத்து ஒன்று ஊற்றி, தின்று பார்த்தாள். மாவைக் குறை சொல்லவில்லை. கொஞ்சம் கருஞ்சீரகம் போட்டு, சின்னதாக ஊற்றி, பக்கத்தில் காசுந்தி வைத்தால் யாருக்கும் சந்தேகம் வராது என்றாள். காசுந்தி என்றால் மூக்கில் ஏறுகிற கடுகுச் சாந்து. பெங்காலி வாசனை அடித்துவிட்டால் மதராசிக்காரர் கண்டுபிடிக்கமாட்டார் என்பது அவள் கணக்கு.

மறுநாள் சௌந்தரம் மறுபடியும் படிக்கட்டுக்குப் பின்னால் நின்றாள். கொச்சூரி இல்லை என்று மாஷி சொன்னதும் திருவேங்கடத்தின் முகம் தொங்கியது. இது புதுசு, எல்லாருக்கும் தருவதில்லை, ரயில்வே பாபுமார்களுக்கு மட்டும்தான் என்று மாஷி குரலைத் தாழ்த்திச் சொல்லி, சால மரத்து இலையில் தைத்த கிண்ணத்தில் வைத்து நீட்டினாள். அவர் பிட்டு வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

தெரிந்துவிட்டது என்றே சௌந்தரம் நினைத்தாள். தாலி கட்டிய நாளிலிருந்து தின்கிற அடையாயிற்றே. ஓடிவிடலாம் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

திருவேங்கடம் கண்ணைத் திறந்து, இன்னொன்று கேட்டார். அப்புறம் மேலும் ஒன்று.

சந்தோஷப்படவேண்டிய நேரம்தான். ஆனால் யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு காலை வேலை இரண்டு மடங்காயிற்று. விடியுமுன்னே மாஷிக்கு மாவு போகும். வீட்டிலும் அதே மாவில் அடை சுட்டாகவேண்டும், இல்லையென்றால் அவருக்குச் சந்தேகம் வரும். அவர் வழக்கம்போல் ஒரு விள்ளல் பிட்டு, இப்போது வாய்விட்டே, "என்னடி இது, மண்ணு மாதிரி இருக்கு," என்பார். டப்பாவை வாங்கிக்கொண்டு போய், அதை நாய்களுக்குப் போட்டுவிட்டு, அதையே தின்ன மாஷி கடைக்கு நடப்பார். நாய்கள் காசுந்தி இல்லாமல் தின்றன. அவ்வளவுதான் வித்தியாசம்.

புண்ணின் ஓரம் மெல்ல வெளுத்தது. பிறகு சுருங்கியது. சௌந்தரம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுபடி கறுத்துவிடும் என்று பயம்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது, அவர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். சர்க்கரை இறங்கியிருக்கிறது, கால் தப்பியது என்றார். காலையில் என்ன சாப்பிடுகிறீர்களோ, அதை விட்டுவிடாதீர்கள் என்றார். திருவேங்கடம் நெஞ்சை நிமிர்த்தினார். பெண்டாட்டியைப் பார்த்தார். ஒரு பெரிய மனுஷத்தனம் அவர் முகத்தில் ஏறிக்கொண்டு வந்தது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அவள் அடை ஒரு நாளும் தன் வயிற்றுக்குள் போகவில்லை என்றும், மாஷி கடை ஸ்பெஷல்தான் தன் காலைக் காப்பாற்றியது என்றும் சொன்னார்.

"தப்பா நெனைச்சுக்காத சௌந்தரம். உன் அடையத் தின்னுட்டு இருந்தா இந்நேரம் நான் தம்பி போன எடத்துக்குப் போயிருப்பேன். பெங்காலிங்க சாப்பாட்டுல விஷயம் இருக்குது."

"இருக்குங்க," என்றாள் சௌந்தரம்.

"அதான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கேன். ஞாயித்துக்கெழம மாஷி நம்ம வீட்டுக்கு வருது. உனக்குச் சொல்லித் தரும். ஒழுங்காக் கத்துக்கோ. எனக்கு எதுக்குத் தெனமும் கடை?"

அவர் பேசிக்கொண்டே நடந்தார். சௌந்தரம் பின்னால் நடந்தாள். வீட்டில் நன்றாகச் சுட்டுவிட்டால் என்ன ஆகும்? முதல் நாள் பாராட்டுவார். இரண்டாம் நாள் பழகிவிடும். மூன்றாம் நாள் அது மறுபடி பெண்டாட்டி கொடுக்கிற மருந்தாகிவிடும். டப்பா நாய்க்குப் போகும், அவர் இன்னொரு எண்ணெய்ச் சட்டியைத் தேடிப் போவார். இந்தத் தடவை எந்தக் கடை என்று சொல்லச் சிவலிங்கம்கூட இருப்பானோ மாட்டானோ.

ஞாயிற்றுக்கிழமை மாஷி நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்தாள். திருவேங்கடம் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு, வேகனைச் சோதிக்கிற கண்ணோடு உட்கார்ந்தார். சௌந்தரத்தின் கிரைண்டரில், சௌந்தரத்தின் பயறை, சௌந்தரத்துக்கு எப்படி அரைப்பது என்று மாஷி சொல்லிக்கொடுத்தாள். சிரிப்பை அடக்கி அடக்கி மாஷியின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

"கையை அப்படி வீசி ஊத்தாத. மாஷியைப் பாத்து ஊத்து," என்றார் நாற்காலியிலிருந்து.

"சரிங்க."

"ஓட்டை போடாத. அது நம்ம ஊர்ப் பழக்கம். இதுக்கு அது ஆகாது."

"சரிங்க."

மாஷி மாதிரிக்கு ஒன்று சுட்டு வைத்தாள். திருவேங்கடம் தின்றார், உருகினார். அடுத்தது பெண்டாட்டியின் முறை. ஃபேன் காற்றுக்கு வசதியாக அவர் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார்.

அந்தச் சின்ன இடைவெளியில் சௌந்தரம் உப்பு ஜாடிக்குள் கையை விட்டாள். ஊரே கேட்டு வாங்கித் தின்ற கை அது. ஒரு கணம் தயங்கியது. பிறகு மாவில் ஒரு பிடி போட்டாள். அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு, வெளியே கருகியும் உள்ளே வேகாமலும் இருக்கும்படி சுட்டு எடுத்து, காசுந்தியோடு கொண்டுபோய் வைத்தாள்.

திருவேங்கடம் ஒரு விள்ளல் வாயில் போட்டார். முகம் கோணியது. எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்து, பாவம் என்பது மாதிரி அவளைப் பார்த்தார்.

"விடு சௌந்தரம். உனக்கு இது வராது. உன்னைச் சொல்லிக் குத்தமில்ல. நான் கடைசிவரைக்கும் மாஷி கடையிலயே சாப்புட்டுக்கறேன்."

"நான் இன்னொரு தடவை வேணா சுட்டுப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டு, அவர் மனசு மாறிவிடப் போகிறதே என்று, மீதி மாவில் இன்னொரு பிடி உப்பைப் போட்டாள்.