விளம்பரமில்லாத வீடு

கணினியைக் கண்டுபிடித்தவர்களுக்கு உலகம் சிலை வைத்தது. அதை விற்றவர்கள், சிலை நிற்கும் இடத்தையே விலைக்கு வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வாங்கி வந்த நாள் முதல் அந்தக் கணினியை ஒரு நிமிடமும் சும்மா விடாமல், அதற்கு நல்ல புத்தி புகட்டுவதையே வாழ்நாள் தவமாகக் கொண்ட மாமனிதர்களைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. மானுட வரலாற்றின் மேல் விழுந்த இந்தக் கறையைத் துடைப்பதற்காகவே செட்டிங்ஸ் சாரின் கதை இங்கே பதிவு செய்யப்படுகிறது.

அவர் குடிநீர் வழங்கல் அலுவலகத்தில் கட்டணப் பிரிவுக் கண்காணிப்பாளர். யார் எந்தக் குறையோடு வந்து நின்றாலும், அது கணினியாக இருந்தாலும் சரி, முதுகுவலியாக இருந்தாலும் சரி, அவர் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "செட்டிங்ஸ்ல போய்ப் பாத்தீங்களா?" இப்படிக் கேட்டுக் கேட்டே அந்தப் பட்டம் அவருக்கு வந்து சேர்ந்தது. அவரும் அதை விருதாகவே ஏற்றுக்கொண்டார்.

வீட்டுக் கூடத்தின் மூலையில் குடும்பத்துக்கென்று ஒரு கணினி இருந்தது. குடும்பத்துக்கு என்பது பேச்சுக்கு. திரையில் ஜன்னல்கள் வழுக்கி வந்து திறப்பதை அவர் நிறுத்தினார். நிழல்களை நீக்கினார். திரையைக் கறுப்பாக்கினார். எழுத்துகளின் ஓரத்தை வழவழப்பாக்கும் வசதியைக் 'கண்மூடித்தனமான ஆடம்பரம்' என்று தள்ளுபடி செய்தார். சுட்டியின் வேகத்தை அவர் கூட்டி வைத்த பிறகு, அவரைத் தவிர வேறு யார் தொட்டாலும் அம்புக்குறி திரையைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும் போலிருந்தது. பலன் கைமேல் கிடைத்தது. பொத்தானை அழுத்திவிட்டுத் தும்மினால், தும்மி முடிப்பதற்குள் கணினி திறந்துவிடும். திறந்த பிறகு அதில் செய்வதற்கு அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. ஆகவே மூடிவிட்டு மறுபடி திறந்து பார்ப்பார்.

விளம்பரங்களைப் பற்றி அவருடைய கருத்து இன்னும் கறாரானது. தொலைக்காட்சியில் விளம்பரம் வந்தால் ஒலியை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். பொருட்களின் மேல் ஒட்டியிருக்கும் தாள்களும் விளம்பரமே என்று ஒருநாள் அவருக்கு ஞானோதயம் வந்தது. குளியலறைப் புட்டிகள் அனைத்தையும் ஊறவைத்து உரித்தார். அந்த வாரமே அவர் மனைவி தரை கழுவும் திரவத்தைத் தலைக்குத் தேய்த்துக்கொண்டார்.

"வாசனை நல்லாத்தான் இருக்கு," என்றார் செட்டிங்ஸ் சார். "பாரு, பேரு தெரியாததால உனக்கு எந்த வித்தியாசமும் தெரியல. விளம்பரத்தோட வண்டவாளம் இவ்வளவுதான்."

"எரியுதுங்க," என்றார் மனைவி.

கணினியில் வரும் விளம்பரங்களை ஒழிக்கக் காசு கொடுத்து ஒரு தடுப்பான் வாங்கிப் போட்டார். அது இருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று மகள் கேட்டாள். ஒரு விளம்பரத்தில் பார்த்தாராம். "அது விளம்பரமில்லம்மா. விழிப்புணர்வு."

இப்பேர்ப்பட்ட மனிதரின் ஒரே மகளுக்கு வேலை கிடைத்தது. வெளியூரில். ஒரு விளம்பரக் கம்பெனியில், வாசகம் எழுதும் வேலை.

அவளும் சொல்லாமல் இருக்கவில்லை. சாப்பிடும்போது ஒருநாள் தொடங்கினாள். "அப்பா, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"தாராளமா சொல்லு. அதுக்கு முன்னாடி உன் போனைக் கொடு. பின்னாடி எத்தனை ஆப் ஓடிக்கிட்டு இருக்குன்னு பாக்கிறேன்."

பார்த்தார். அதிர்ச்சியடைந்தார். ஒவ்வொன்றாக மூடினார். மூடி முடித்தபோது தட்டில் இருந்தது ஆறிப்போயிருந்தது. மகளுக்கு இருந்த தைரியமும் ஆறிப்போயிருந்தது.

இன்னொரு நாள் அவர் கணினியின் முன் உட்கார்ந்திருந்தார். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்: "எனக்கு வேலை கிடைச்சிருக்குப்பா."

"சந்தோஷம். இரு, இந்த அப்டேட் தொண்ணூத்தெட்டு சதவீதத்துல நிக்குது."

அது அங்கேயே நின்றது. அவளும் நின்றாள். கடைசியில் அது நூறைத் தொட்டபோது அவர் முகத்தில் ஒரு தந்தைக்கு இருக்கவேண்டிய பூரிப்பு முழுவதும் இருந்தது. "பாத்தியா? ஏதோ சொன்னியே?"

"ஒண்ணுமில்லப்பா."

சமையலறையில் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். மருந்துக்கடையில் காசாளர் அவர். பகல் முழுக்க மனிதர்களைப் பார்க்கிற உத்தியோகம். மகள் மேடையின் ஓரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

"அவர் காதுல எதுவும் ஏறாதுடி," என்றார் அம்மா. "எங்க கடைக்கு வர்றவங்களும் இப்படித்தான். டாக்டர் சொன்னது மறந்திடும். பெட்டி மேல போட்டிருக்கிறது மட்டும் ஞாபகம் இருக்கும். சொல்றதை விடு. விளம்பரம் பண்ணு."

"அப்பாவுக்கா?"

"அதானே உன் வேலை? இங்க ஆரம்பி."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தொழில்புத்தி விழித்துக்கொண்டது. "சரி. முதல்ல வாடிக்கையாளர் யாருன்னு தெரிஞ்சுக்கணும்."

"ஆண். ஐம்பது தாண்டியாச்சு. காது இருக்கு, உபயோகத்துல இல்ல."

"என்ன பிடிக்கும்?"

"வேகம்."

"என்ன பயம்?"

அம்மா குழாயை மூடினார். "மெதுவா ஆயிடுமோன்னு பயம். வேற எதுக்கும் பயந்து நான் பாத்ததில்ல."

"'இலவசம்'னு ஒரு வார்த்தை போடலாமா?"

"போடு. எங்க கடையில அது இல்லாம எதுவும் நகராது."

சமையலறைக் கதவு திறந்தே இருந்தது. கூடத்தில்தான் செட்டிங்ஸ் சார் இருந்தார். இந்த ஆலோசனைக் கூட்டத்தின் ஒவ்வொரு சொல்லும் அவரைக் கடந்துதான் வாசலுக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வழக்கம்போலப் பொத்தானை அழுத்தினார். கறுப்புத் திரையின் நடுவே பளீரென்று ஒரு பெட்டி எழுந்தது.

'உங்கள் வீடு மெதுவாகக் காலியாகிறதா? உங்கள் மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. அடுத்த ஞாயிறு மாலை கிளம்புகிறாள். வாழ்த்துவது முற்றிலும் இலவசம். மேலும் அறிய இங்கே அழுத்தவும்.'

அவர் வாழ்நாளில் 'இங்கே அழுத்தவும்' என்ற எந்த இடத்திலும் அழுத்தியவரல்ல. 'இலவசம்' என்ற சொல்லில் கண் பட்டதும் விரல் தானாக மூலையிலிருந்த பெருக்கல் குறிக்குப் போய்விட்டது. பெட்டி மறைந்தது. ஆனால் அவமானம் மறையவில்லை. காசு கொடுத்து வாங்கிய தடுப்பானையும் மீறி ஒரு விளம்பரம் உள்ளே வந்திருக்கிறது.

"வைரஸ்," என்றார் வீட்டுக்கே கேட்கும்படி. பிறகு ஓர் அறுவை மருத்துவரின் நிதானத்தோடு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கணினியை அடியோடு துடைத்தெடுத்தார். பகல் முழுவதும் அந்தப் புனிதப் பணி நடந்தது.

மாலையில் மனைவி வந்து எட்டிப் பார்த்தார். "அதுல இருந்த பழைய போட்டோவெல்லாம்?"

"அதெல்லாம்தாம்மா இத்தனை நாளா இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. இப்போ பாரு."

மனைவி பார்த்தார். தும்முவதற்குக்கூட நேரமில்லை, கணினி திறந்துவிட்டது.

அந்த வாரமே அலுவலகத்தில் 'கணினி வேக மேம்பாட்டுக் குழு'வின் அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. தலைவர் செட்டிங்ஸ் சார். உறுப்பினர்கள், பிஸ்கட்டுக்காக வந்த தபால் பிரிவு அம்மாவும், அறையில் மின்விசிறி நன்றாகச் சுற்றுவதால் வந்த மேலாளரும். பொருள்: 'புதிய வகை வைரஸ் - ஓர் அபாய அறிவிப்பு'.

"இது சாதாரண வைரஸ் இல்ல," என்று தலைவர் தொடங்கினார். "உங்கள் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, ஞாயிறு மாலை கிளம்புகிறாள், அப்படின்னு வந்துச்சு."

மேலாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு மக இருக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுதான் சார் பயங்கரம். நம்ம வீட்ல நடக்கிறது நம்மளவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும்."

தபால் பிரிவு அம்மா பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தபடி கேட்டார்: "சார், ஒருவேளை உங்க பொண்ணே போட்டிருப்பாளோ?"

செட்டிங்ஸ் சார் புன்னகைத்தார். கணினி அறியாதவர்களிடம் அவர் எப்போதும் கருணையாகவே இருப்பார். "என் பொண்ணு எதைச் சொல்லணும்னாலும் நேரா எங்கிட்ட வந்து சொல்லுவா. எங்க வீட்ல அப்படித்தான் பழக்கம்."

'குடும்பத்தினருடன் நேரடியாகப் பேசுவதே இத்தகைய வைரஸ்களுக்குத் தக்க பாதுகாப்பு' என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பிஸ்கட்டும் தீர்ந்தது.

ஞாயிறு மாலை வந்தது. அவர் கணினியிலிருந்து தலையைத் தூக்கியபோது கூடத்தில் இரண்டு பெட்டிகள் நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் மகள் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு வாடகை வண்டி நின்றது.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"வேலைக்குப்பா. நாளைக்குக் காலையில சேரணும்."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"சொன்னேன்ப்பா. சாப்பிடும்போது சொல்ல வந்தேன். அப்புறம் பின்னாடி நின்னு சொன்னேன். அப்புறம் விளம்பரமே போட்டேன்."

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"'இலவசம்' போடலாமான்னு கேட்டா. போடுன்னு சொன்னது நான்தான்."

செட்டிங்ஸ் சார் எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். மூலையில் பெருக்கல் குறி இல்லாத செய்தி ஒன்று அவருக்கு வந்து சேர்வது இதுவே முதல் தடவை. எதை அழுத்தினால் இது போகும் என்று கைகள் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தன.

"என்ன வேலை?" என்றார்.

"விளம்பரக் கம்பெனி."

வேறொரு நாளாக இருந்தால் இதற்கு அவர் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். இப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு வேறொன்று கேட்டார். "அன்னிக்கு அந்த 'இங்கே அழுத்தவும்'ல அழுத்தியிருந்தா என்ன வந்திருக்கும்?"

"ஒண்ணும் வந்திருக்காதுப்பா. நான்தான் உங்க நாற்காலிக்குப் பின்னாடி நின்னுட்டிருந்தேன். நீங்க அழுத்தினதும் முன்னாடி வரலாம்னு."

வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். செட்டிங்ஸ் சாருக்கு அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அதற்கான செட்டிங்ஸ் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தெரிந்த இடத்துக்குப் போனார்.

"உன் போனைக் கொடு," என்றார். "புது ஊரு. கண்டவனும் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணுவான். கிளம்பறதுக்கு முன்னாடி கொஞ்சம் சரி பண்ணித் தர்றேன்."

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தார். அவள் போனைக் கொடுத்தாள். வண்டிக்காரர் இன்னும் இரண்டு முறை ஹாரன் அடித்தார். செட்டிங்ஸ் சார் தாழ்வாரத்து வெளிச்சத்தில், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தன் வாழ்நாள் ஞானம் அனைத்தையும் அந்தச் சிறிய கருவிக்குள் இறக்கினார். அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு பிரியமாக அவர் இதுவரை எதையும் திருத்தியதில்லை. முடித்ததும் சட்டை நுனியால் திரையைத் துடைத்து அவள் கையில் வைத்தார்.

"இனிமே ஒரு பய உன்னைத் தொந்தரவு பண்ண முடியாது."

"தேங்க்ஸ்ப்பா," என்றாள். வண்டி போய்விட்டது.

அதன்பின் ஒவ்வொரு மாலையும் மனைவிக்குப் போன் வந்தது. சமையலறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. செட்டிங்ஸ் சாரின் காதுகள் அந்த நாட்களில்தான் முதன்முதலாக முழு நேர உபயோகத்துக்கு வந்தன. அவரும் தினமும் மகளைக் கூப்பிட்டார். ஒருநாளும் அவள் எடுக்கவில்லை. திரும்பக் கூப்பிடவும் இல்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று இரண்டு வாரம் சமாதானம் சொல்லிக்கொண்டார். கடைசியில் பொறுக்க முடியாமல் கணினியை மூடிவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றார்.

"ஏம்மா, நான் கூப்பிட்டா அவ எடுக்கவே மாட்டேங்கிறாளே?"

"உங்க போன் வந்தா அங்க மணியே அடிக்கிறதில்லையாம். அன்னிக்கு ஏதோ பண்ணிக் கொடுத்தீங்களே, அதுல அம்மா, ஆபீஸ், வீட்டுக்காரம்மா, ஆம்புலன்ஸ், இவங்க மட்டும்தான் கூப்பிட முடியுமாம். மத்த எல்லாம் தொந்தரவுன்னு தடுத்து வெச்சிருக்காம்."

யார் யார் கூப்பிடலாம் என்று ஒவ்வொருவராக யோசித்துச் சேர்த்த செட்டிங்ஸ் சாருக்குத் தன்னைப் பற்றி மட்டும் எந்த நினைவும் வரவில்லை. தான் ஒரு தொந்தரவாக இருக்கக்கூடும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"ரொம்பச் சுலபம்," என்றார் மெல்ல. "செட்டிங்ஸ்ல போய் என் நம்பரைச் சேத்தா போதும். ஒரு நிமிஷ வேலை. நீ அவகிட்ட சொல்லேன்."

"முதல் வாரமே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

மனைவி பாத்திரத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தார்.

"மாத்த வேண்டாம்னுட்டா. இத்தனை வருஷத்துல அப்பா கை வெச்சதுலேயே உருப்படியா வேலை செய்யறது இது ஒண்ணுதானாம்."