அப்பாவோடு அப்பா பேசுவதில்லை

ஜார்ஜ் டவுன்
4 அக்டோபர் 1996

பெருமதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

யோகலட்சுமியின் பணிவான வணக்கம். கடல் தாண்டி உங்கள் ஊரிலிருந்து வரும் பட்டர்வொர்த் ஃபெர்ரியைப்போல் உங்கள் உடம்பும் சித்தியின் உடம்பும் நேரம் தவறாமல் ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன்.

இங்கே நலமில்லை. அப்பாவுக்கும் அப்பாவுக்கும் சண்டை.

அப்பா கோயிலுக்குச் செயலாளர், எங்கள் பிளாட் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்றதும் அவர் வாங்கிய கணினியில் மின்னஞ்சல் அனுப்ப ஒரு நிரல் இருக்கிறது. படம் இல்லை, மௌஸ் இல்லை. கறுப்புத் திரையில் வெறும் எழுத்துதான். ஆனால் ஒரே ஆள் எத்தனை பெயரில் வேண்டுமானாலும் அனுப்பலாம். ஒவ்வொரு பெயருக்கும் தனிப் பெட்டி, தனிக் கையொப்பம். எந்தப் பெயருக்குக் கடிதம் வந்ததோ, அந்தப் பெயரிலேயே பதில் போகும். அப்பாவுக்குச் சொர்க்கம். ஆபீஸ் கிராணியாக எழுத்து வேலை பார்த்த காலத்தில் ஒரே மேசையில் இரண்டு பதவி பார்த்து, ஒரு பதவியிலிருந்து மற்றதற்குக் கடிதம் எழுதி, தானே பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் போட்டவர் அல்லவா.

நவராத்திரிப் பந்தல் போட, பிளாட்டுக்குக் கீழே உள்ள கார் நிறுத்தும் இடம் வேண்டும் என்று செயலாளர் தலைவருக்கு எழுதினார். அந்தப் பந்தலில்தான் நான் முதன்முதலாக மேடையேறிப் பேச வேண்டும். முழுப் பேச்சும் மனப்பாடமாகிவிட்டது. தலைவரோ, ஒலிபெருக்கியால் பிள்ளைகளின் படிப்பு கெடும் என்று மறுத்துவிட்டார். தலைவருக்குப் பக்தி போதாது என்று செயலாளர் எழுதினார். போன வருடம் சுண்டல் மடித்த தாளெல்லாம் சாக்கடையை அடைத்ததைத் தலைவர் நினைவுபடுத்தினார். செயலாளர் என்றால் வேட்டி, தலைவர் என்றால் கால்சட்டை. ஒவ்வொரு பதிலுக்கும் நடுவில் அப்பா அறைக்குப் போய் உடை மாற்றி வருகிறார், வந்து பார்த்துத் திடுக்கிடுகிறார். வழக்குப் போடுவேன் என்று தலைவர் நேற்று எழுதியதை வேட்டியோடு உட்கார்ந்து படித்து, உண்மையாகவே கண் கலங்கினார் சித்தப்பா. தட்டெழுதிக் கொடுத்த எனக்கே கலங்கிவிட்டது.

கீழே மீ கோரெங் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் அண்ணன் மேலே வந்தார். யாரைப் பார்க்க வேண்டும், செயலாளரையா தலைவரையா என்று அப்பா கேட்டார்.

"அண்ணே, உங்க காரு, அந்தப் பழைய கெரேத்தா, என் கடையை மறைச்சுக்கிட்டு நிக்குது. ரெண்டு பேருல யாருகிட்ட லைசென்ஸ் இருக்கோ, அவரு வந்து எடுங்கலா."

அம்மா தட்டை வைத்துவிட்டு, "நான் ஒரு ஆளுக்குத்தான் சமைச்சேன். யாரு சாப்பிடுறதுன்னு நீங்களே பேசிக்குங்க" என்று போய்விட்டார். பேசத்தான் மாட்டேன் என்கிறார்களே.

ஆகையால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கட்டாயம் வந்து சமாதானம் செய்துவைக்க வேண்டும். இருவருமே உங்களுக்கு அண்ணன்தானே, உங்கள் சொல்லைத் தட்டமாட்டார்கள்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும் அப்பாவின் ஆசி. தனியாக, அப்பாவின் ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
யோகலட்சுமி

பி.கு.: இதை ஒட்டுவதற்குள் எனக்குப் பொறுமை போய்விட்டது. நிரலில் உங்கள் பெயரையும் சேர்த்து, 'நடுவர்' என்று கையொப்பம் வைத்து, இருவர்மேலும் பிழை, இருவரும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற உங்கள் தீர்ப்பை அனுப்பிவிட்டேன். உங்களிடம் கணினியே இல்லை என்பது அப்பாவுக்குத் தோன்றவில்லை. தம்பிக்காரன் நமக்குப் புத்தி சொல்வதா என்று செயலாளரும் தலைவரும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். இடம் கிடைத்துவிட்டது, உங்களை அழைப்பதில்லை என்றும் ஒருமனதாகத் தீர்மானம். ஆகவே ஞாயிறு வராதீர்கள். என் பேச்சின் தலைப்பு 'சகோதர ஒற்றுமை'. ஃபெர்ரித் துறையில் வந்து நின்றால் கேட்கும். ஒலிபெருக்கி பட்டர்வொர்த் வரை எட்ட வேண்டும் என்று தலைவரே உத்தரவு போட்டிருக்கிறார்.