அமைதி காக்காத ஸ்பீக்கர் அக்கா

மரக்காணத்தில் நின்று ஒருவர் பேசினால் பாண்டிச்சேரிக்குக் கேட்கும் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். ஸ்பீக்கர் அக்காவைத் தெரிந்தவர்கள் யோசிக்காமல் நம்புவார்கள்.

மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய சின்ன நூலகம் ஒன்றில் அப்போது நான் நூலகர். அக்கா அங்கே பெருக்கித் துடைக்கும் பகுதிநேர ஊழியர். விடிகாலையில் அளத்தில் உப்பு வாரிவிட்டு, மதியத்துக்கு மேல் எங்களிடம் வருவார். பாத்திக்குப் பாத்தி ஆள் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. 'அமைதி காக்கவும்' என்று நான் மாட்டியிருந்த பலகையைத் தினமும் பளிச்சென்று துடைத்து வைப்பார். மற்றபடி அந்தப் பலகைக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது.

ஒருநாள் மாலை உள்ளே நுழைகிறேன், வாசிப்பறை நிறைய உப்பளப் பெண்கள். அதுவரை அவர்களில் ஒருவர்கூடப் படியேறியதில்லை. நடுவில் அக்கா, ஒரு துப்பறியும் நாவலை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். தினமும் தலையங்கம் படிக்க வரும் பெரியவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, கொலைகாரன் யாரென்று காத்திருந்தார்.

"என்னம்மா இது, லைப்ரரியா சந்தைக்கடையா?"

"இவங்களுக்குப் படிக்கத் தெரியாது சார். அதுக்காக கதை தெரிய வாணாமா? ஊருக்குன்னு வாங்குன புக்குதான? இவங்களும் ஊருதான?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. பலகையைக் காட்டக் கையைத் தூக்கினேன்.

"இந்த அத்தியாயம் முடியட்டும் சார்" என்றார் தலையங்கப் பெரியவர். தூக்கிய கையை இறக்கிவிட்டு நானும் ஒரு நாற்காலியைத் தேடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து தினமும் நாலு மணிக்கு வாசிப்பு. வந்தவர்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாகக் கட்டைவிரல் வைத்தார்கள். வினை அங்கேதான் வந்தது. ஒருநாள் மூன்று மணிக்கு ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தப் பதிவேட்டைப் புரட்டினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி புரட்டினார்.

"ஏன் சார், ஒரே ஆளு விரல வச்சே பக்கம் பக்கமா ரொப்பியிருக்கீங்க? ஒரு ரேகைகூட இல்ல. வெறும் மைதான் இருக்குது."

பொய்ப் பதிவு என்று முடிவுகட்டி, வாசிப்பை அன்றோடு நிறுத்தச் சொன்னார். என்மேல் குறிப்பெழுதப் பேனாவையும் திறந்துவிட்டார்.

அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். கால்மணி நேரத்தில் முப்பது பெண்கள் வந்து நின்றார்கள்.

"எல்லாரும் கைய நீட்டுங்க. சார் பாக்கணுமாம்."

முப்பது கட்டைவிரல்கள் அதிகாரியின் மூக்குக்கு நேராக நீண்டன. ஒன்றில்கூட ரேகை இல்லை.

"உப்புல தேஞ்சிடுச்சி சார்" என்றார் அக்கா. "ரேஷன் கடை மிஷினே எங்கள ஆளுன்னு ஒத்துக்க மாட்டேங்குது. நீங்களும் அப்படியே சொன்னா எப்படி?"

அதிகாரி விடவில்லை. "சரி, கதை கேட்டதுக்கு என்ன ஆதாரம்?"

கேட்டிருக்கக் கூடாது. முன்னால் நின்ற பெண் ஆரம்பித்தார், அடுத்தவர் பாதியில் பிடுங்கிக்கொண்டார்.

"வெசம் பால்ல இல்ல சார், வெத்தலையில."

"ஏண்டி அவசரப்படற, மொதல்ல அந்தக் காரு வந்தத சொல்லு."

வந்த டீ ஆறிப்போனது தெரியாமல் அதிகாரி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, 'வாசகர் வருகை சரிபார்க்கப்பட்டது. வாசிப்பு தொடரலாம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கட்டைவிரல்களுக்குச் சொந்தக்காரர்கள் அன்று முதல் அரசாங்க ஏட்டில் வாசகர்கள். எனக்கு விசிலடிக்க வேண்டும்போல இருந்தது.

கிளம்பும்போது அதிகாரி குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கடைசில யாரும்மா கொன்னது?"

"நேத்து பாதியிலதான் நிக்குது. நாலு மணி வரைக்கும் இருங்க சார்."

இருந்தார்.

மறுநாள் அந்தப் பலகையை நானே கழற்றினேன். "விடுங்க சார், தொடச்சிப் பழகிட்டேன்" என்று அக்கா திரும்ப மாட்டிவிட்டார்.

இப்போது எனக்குப் பாண்டிச்சேரியை ஒட்டிய பெரிய முதலியார்சாவடிப் பக்கம் மாற்றல். நல்ல நூலகம், ஊசி விழுந்தால் கேட்கும். நாலு மணியானால் எனக்கு இருப்புக் கொள்வதில்லை. மரக்காணம் இருக்கிற வடக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.