இரண்டாம் பதிப்பை நிறுத்தக் கோரி

மதிப்பிற்குரிய பதிப்பாசிரியர் ஜோசலின் பைக் அவர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் நான் உங்களிடம் சொல்லாதது இதுதான்: கோரல் அத்தையின் கவிதைத் தொகுப்பு எங்கள் ஊரில் விற்றதில் முக்கால்வாசி என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. இரண்டாம் பதிப்பு என்றீர்கள். "அப்படியா, ரொம்ப சந்தோஷம்" என்று வைத்துவிட்டேன். உங்கள் நலமும் விசாரிக்கவில்லை. மெல்பர்னில் மழை என்று செய்தியில் சொன்னார்கள்; உங்கள் சாப்பாட்டு மேசையில் அடுக்கியிருக்கும் புத்தகக் கட்டுகளும் நீங்களும் நனையாமல் இருக்க வேண்டுகிறேன்.

வெளியீட்டு விழாவுக்கு நீங்களே வந்திருந்தீர்கள். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பள்ளிப் பேருந்தில் ஏற்றி இறக்கிய ஓட்டுநர் கவிதை எழுதியிருக்கிறார் என்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்? கிளப்பில் இறைச்சிப் பொட்டலம் பரிசாகக் கிடைக்கும் குலுக்கலுக்குச் சீட்டு வாங்கிய கையோடு ஆளுக்கொரு பிரதி வாங்கி, அத்தையிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அடுத்த வாரமே அவை ஒவ்வொன்றாக வாசல் பெட்டிகளுக்கு வந்துவிட்டன. படித்ததை வைத்துவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளும் அந்த மரப்பெட்டி இல்லாத தெருவே இங்கே கிடையாது, அத்தையோ நாயைக் கூட்டிக்கொண்டு தினமும் எல்லாத் தெருவும் நடப்பவர், 'அன்புள்ள நெவிலுக்கு' என்று தான் எழுதிக்கொடுத்ததைத் தானே பார்க்க வேண்டுமா என்று அவர் கிளம்புவதற்குள் நான் ஒரு சுற்றுப் போய்ப் பொறுக்கி வரத் தொடங்கினேன். ஒருநாள் நெவிலே பிடித்துவிட்டார்.

"என்னம்மா டில்லி, அத்தை உனக்கு ஒண்ணுகூடவா குடுக்கல?"

"இது... என் தோழிக்கு."

"நேத்து மார்ஜ் வீட்டுப் பெட்டியில எடுத்தியே, அது?"

"அது வேற தோழிக்கு."

"அடேங்கப்பா! நீ யார்கூடயும் பேசவே மாட்டேன்னுல்ல ஊரே சொல்லுது?"

"நீங்க படிச்சீங்களா?"

"கவிதையா? நமக்கு அதெல்லாம் ஒத்துக்காதும்மா. ஆனா அருமையான புத்தகம். கனமே இல்ல."

அதோடு போயிருக்கலாம். "கோரல் புத்தகத்தை வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள காணோம்டி" என்று மார்ஜ் பேக்கரியில் சொல்ல, அப்படி என்னதான் அதில் இருக்கிறது என்று பெட்டியில் தூக்கி வைத்தவர்களே பத்திரிகைக் கடையில் போய்க் கேட்க, கடைக்காரர் உங்களுக்கு எழுத, நீங்கள் அச்சகத்துக்குச் சொல்லிவிட்டீர்கள். இத்தனை வரவேற்புக்கும் காரணமான ஒரே வாசகி நான். நானும் படிக்கவில்லை. பரிசுப் பட்டியலில் வரும் புதுத் தொகுப்பு ஒன்றையும் விடாமல் வரவழைத்துப் படிக்கிறவள், அத்தையின் கவிதை சுமாராக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று பயந்து அட்டையையே திறக்கவில்லை.

இன்று இதை எழுத உட்கார்ந்தபோதுதான் ஒன்றைத் திறந்தேன். கடைசிப் பிள்ளையும் இறங்கிப் போன பிறகு, காலிப் பேருந்தோடு பேசிக்கொண்டே வீடு திரும்புவதைப் பற்றி ஒரு கவிதை. நன்றாக இருக்கிறது, ஜோசலின். பல வருஷம் அந்தக் கடைசிப் பிள்ளை நான்தான். இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் ஓடுவேன்.

இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். மறுபடியும் எல்லாம் பெட்டிகளுக்குத்தான் வரும், எனக்கும் வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது. அத்தை இப்போது காலையில் எழுந்ததும் எழுத உட்கார்ந்துவிடுகிறார். உண்மை தெரிந்தால் அப்புறம் பேனாவைத் தொட மாட்டார். காகிதம் கிடைக்கவில்லை என்று சொல்லுங்கள், நம்பிவிடுவார்.

உங்கள் பதிப்பகம் தழைக்கவும் முதுகுவலி தணியவும் வேண்டும்,
டில்லி ஹாரகன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் அத்தை வந்தார். புதிய பதிப்புக்குச் சமர்ப்பணம் எழுதி எடுத்து வந்திருந்தார்: 'பெட்டி பெட்டியாகத் தேடிப் போய் என் புத்தகத்தை எடுத்துச் சென்ற, பெயர் தெரியாத வாசகருக்கு.'

"எல்லாரும் பெட்டியில வெச்சுட்டாங்கன்னு மார்ஜ் சொன்னா. எடுத்தது யாருன்னே தெரியல டில்லி. ஊர்ல ஒருத்தருக்காவது இவ்ளோ பிடிச்சிருக்கு பாரு. அந்த ஒருத்தருக்காகவாச்சும் இன்னொண்ணு எழுதலாம்ல?"

"எழுதுங்க அத்தை" என்றேன்.

ஆகவே மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். அச்சிடுங்கள். சமர்ப்பணத்தை அத்தை இன்று மாலையே உங்களுக்கு அனுப்பிவிட்டார்.