சுழற்சி சீராக உள்ளது

நெருப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று உலகத்துக்குத் தெரியாது. காரணம் எளிது. அவர் கூட்டம் போடவில்லை. கூட்டக் குறிப்பு எழுத ஒரு செயலாளரையும் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த நெருப்பின் மேல் ஒரு வான்கோழியை முறைப்படி தீர்மானம் போட்டு ஏற்றியவர்கள் யார் என்பதில் வரலாறு குழம்ப வேண்டியதில்லை. அது, புல்தரையில் பந்துருட்டி விளையாடும் கெட்டில் பாயின்ட் பவுல்ஸ் கிளப்பின் நிர்வாகக் குழு. செயலாளர் நான்தான். குறிப்புகள் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

அதற்கு முந்தைய இருண்ட காலத்தையும் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது ஆண்டுகளாகச் சனிக்கிழமை ஒரு மணிக்கு, நோலீன் ப்ராஸர் என்ற பெண்மணி எங்கள் புல்தரையின் ஓரத்தில் கேஸ் சிலிண்டர் வைத்த ஓர் இரும்புத் தட்டடுப்பை மூட்டி, சாசேஜும் வெங்காயமும் வதக்கி, ரொட்டித் துண்டில் மடித்துக் கொடுத்துவந்தார். ஒரு முறைகூடத் தாமதமில்லை. ஒருவர்கூடப் பசியோடு போனதில்லை. ஆனால் பத்தொன்பது ஆண்டுகளில் அவர் ஓர் அறிக்கை சமர்ப்பித்தாரா? இல்லை. அடுப்பின் குமிழ் உடைந்து பல காலமாயிற்று; ஏப்ரன் பையில் ஒரு குறடு வைத்திருப்பார், அதைக்கொண்டு திருகித்தான் பற்றவைப்பார். இந்த அவலத்தை எந்தத் துணைக்குழுவும் ஆராயவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் தலை குனிகிறேன்.

விடிவு எங்கள் தலைவர் ராஸ் டக்வெல் உருவில் வந்தது. முப்பது வருடம் ஓட்டுநர் உரிமத் தேர்வு நடத்தி, ஊரில் பாதிப் பேரைத் தோற்கடித்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் இணையத்தில் காணொளி பார்த்துக்கொண்டிருந்தபோது பீங்கான் கரி அடுப்பு அவர் கண்ணில் பட்டது. முட்டை வடிவம், தடித்த மூடி, உச்சியில் ஒரு புகைத்துளை. அடுத்த மாதமே கிளப்புக்கு ஒன்று வந்து இறங்கியது. நாலு பேர் சுமந்து வரும் கௌரவம் மனிதனுக்கே கடைசியில் ஒரு முறைதான் கிடைக்கிறது. எங்கள் அடுப்புக்கு வந்த அன்றே கிடைத்தது. சுமந்தவர்களில் ஒருவர் இன்னும் முழுதாக நிமிரவில்லை.

அடுப்பைவிட மேன்மையானது அதன் துணைக்கருவி: சுழல்கம்பி. அடுப்பின் உடலுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு வளையத்தைச் செருகுவோம். வளையத்தின் ஓட்டை வழியாக நீளமான கம்பி போகும். வெளியே ஒரு மோட்டார் அதைச் சுழற்றும். கம்பியில் இரண்டு முள்கரண்டிகள் இருக்கும். அவற்றை இறைச்சியின் இரு பக்கமும் குத்தி, திருகை இறுக்கிவிட்டால், கம்பியோடு இறைச்சியும் சுற்றும். எல்லாப் பக்கமும் ஒரே சீராக வேகும். “இனிமே மனுஷன் எதையும் திருப்பிப் போட வேண்டாம்” என்றார் ராஸ். அவையில் சிலர் கண் கலங்கினார்கள். கரி அப்போதுதான் பற்றியிருந்தது.

முதல் ஒத்திகையில் ராஸ் மூடியைச் சட்டென்று திறந்தார். உள்ளே மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த நெருப்பு, காற்றைக் கண்டதும் எழுந்து வந்து அவரை வரவேற்றது. தலைவரின் இரு புருவங்களும் அன்றே பணியிலிருந்து விடுவிக்கப்பட்டன. அதன் பயனாகப் பிறந்ததுதான் ஏழாம் தீர்மானம்: ‘சமையல் நடக்கும்போது, மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையின்றி எவரும் மூடியைத் திறக்கலாகாது.’

எட்டாம் தீர்மானம் நோலீனைப் பற்றியது. பெரிய பழஞ்சாமான்களை வாசலில் வைத்தால் கவுன்சில் லாரி வந்து அள்ளிப்போகும் நாள், வரும் திங்கள். அதற்கு முந்தைய சனிக்கிழமை கேடயப் போட்டி. போர்ட் வாலிஸ் கிளப்பிலிருந்து பதினாறு பேர் வருவார்கள். மதிய உணவு எங்கள் பொறுப்பு. அன்று சுழல்கம்பி வெற்றி பெற்றால் தட்டடுப்பு வாசலுக்குப் போகும்.

கூட்டத்தில் நோலீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“சரி ராஸ். உன் வான்கோழி நல்லா வெந்துச்சுன்னா, நானே என் கையால இழுத்துட்டுப் போய் வாசல்ல வைக்கிறேன். வேகலேன்னா?”

“‘வேகலேன்னா’ நிகழ்ச்சி நிரல்ல இல்லியே, நோலீன்.”

“பத்தொம்பது வருஷமாப்பா. அது என் கை மாதிரி.”

“உங்க சேவைக்கு நன்றி தெரிவிச்சு ஒரு அட்டை அடிக்கச் சொல்லியிருக்கோம்” என்றார் ராஸ். அட்டை அடிக்கும் பொறுப்பு எனக்கு. லாமினேஷனும் செய்திருந்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு கிலோ வான்கோழி, கயிற்றால் கட்டப்பட்டு, ஒரு இறக்கை மட்டும் கட்டுக்கு அடங்காமல் துருத்திக்கொண்டு, கம்பியில் ஏற்றப்பட்டது. ராஸ் முள்கரண்டிகளைக் குத்தி, திருகுகளை விரலால் இறுக்கினார். அந்தப் பக்கம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நோலீன் எட்டிப் பார்த்தார். ஏப்ரன் பைக்குள் கையை விட்டார்.

“இந்தா, குறடு. கையால இறுக்குனா சூட்டுல நெகிழ்ந்துக்கும். இறைச்சி சுருங்கும்ல.”

ராஸ் குறடைப் பார்த்தார். குறடில் பத்தொன்பது வருட எண்ணெய்ப் பிசுக்கு.

“நோலீன், இது புதிய தொழில்நுட்பம். பழைய தொழில்நுட்பத்துகிட்டேர்ந்து கருவி இரவல் வாங்குனா, அப்புறம் எதுக்கு மாற்றம்?”

“திருகுக்கு அதெல்லாம் தெரியாதுப்பா.”

“டெஸ், இதைக் குறிப்புல போடாதே” என்றார் ராஸ் என்னிடம். போடவில்லை.

பதினோரு மணிக்கு மூடி இறங்கியது, மோட்டார் ஓடியது. எனக்குச் ‘சுழற்சிக் கண்காணிப்பு அலுவலர்’ என்ற கூடுதல் பொறுப்பு. கம்பியின் வெளிமுனையில் வெள்ளை மையால் ஒரு கோடு போட்டிருந்தோம். அது எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி, இருபது நிமிடத்துக்கு ஒருமுறை குறிப்பேட்டில் எழுத வேண்டும். நிமிடத்துக்கு ஆறு முறை வந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எங்கள் கிளப்பில் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்த உறுப்பினரை நான் கண்டதில்லை. கடமையுணர்ச்சி மிகுந்து, புகைத்துளை வழியாகவும் சில முறை உள்ளே நோக்கினேன். குறிப்பேட்டில் உள்ளபடி:

‘11.20 – சுழற்சி சீராக உள்ளது.’

‘11.40 – சுழற்சி சீராக உள்ளது.’

‘12.00 – சுழற்சி மிகச் சீராக உள்ளது.’

பொருளாளர் மெர்வுக்கு வெப்பத் துறை. வான்கோழியின் தொடையில் ஒரு கம்பியில்லா வெப்பமானியைச் செருகியிருந்தார். அது அவருடைய செல்போனோடு பேசும். போனை ஒரு குழந்தையைப் போல ஏந்தித் திரிந்தார்.

“தலைவா, எழுபத்தஞ்சு! வெந்துடுச்சுன்னு சொல்லுது!”

“பன்னெண்டு மணிக்கேவா?”

“போன் பொய் சொல்லுமா?”

“அப்ப இன்னும் கொஞ்சம் சுத்தட்டும்” என்றார் ராஸ். “சுத்தச் சுத்தத்தான் ருசி.”

பன்னிரண்டரை மணிக்குப் புகைத்துளையிலிருந்து கரும்புகை வந்தது. போர்ட் வாலிஸ் அணித் தலைவி ஹெதர் க்வேட் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வந்தார். அகன்ற தொப்பி, உரத்த குரல்.

“ஏங்க தலைவரே, ஏதோ கருகுற வாடை வருதே?”

“அது கருகல் இல்லீங்க. மேல்தோல் முறுகுது.”

“எங்க ஊர்ல அதைக் கருகல்னுதான் சொல்வோம்.”

“உங்க ஊர்ல சுழல்கம்பி இல்லியே” என்றார் ராஸ் பெருந்தன்மையோடு. “இந்தக் கோட்டைப் பாருங்க. நிமிஷத்துக்கு ஆறு.”

பதினாறு விருந்தாளிகளும் வந்து கோட்டைப் பார்த்தார்கள். கோடு மேலே வந்தது, கீழே போனது. இரண்டு பேர் கைதட்டினார்கள். பசி மனிதனை எதற்கும் கைதட்ட வைக்கும்.

நோலீனும் வந்து நின்றார். கோட்டைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். பிறகு, எங்கள் கிளப்பின் வரலாற்றிலேயே மிக நாகரிகமற்ற அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“கம்பி சுத்துது, சரி. வான்கோழி சுத்துதா?”

மெர்வ் போனைப் பார்த்தார். ராஸ் என்னைப் பார்த்தார். நான் விதிப்புத்தகத்தைப் பார்த்தேன்.

“நோலீன்,” என்றேன், “நிர்வாகத்தை நோக்கிய கேள்விகளை எழுத்து மூலமா, ஒரு உறுப்பினர் வழிமொழிஞ்சு, பதினாலு நாள் முன்கூட்டியே குடுக்கணும். பதினோராம் விதி.”

“மூடியத் தூக்குனா ஒரு நொடியில தெரிஞ்சுடும்டா!”

“மூடி ஏழாம் தீர்மானம்.”

நோலீன் என்னை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். “டெஸ், நீ தபாலாபீஸ்ல இருந்தப்ப நல்ல பையனாத்தான்டா இருந்தே” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒப்பீட்டளவில் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

ஒன்றேகால் மணிக்கு மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மை கிடைத்தது. ராஸ் இம்முறை மூடியை ஓர் அங்குலம் தூக்கி, இறக்கி, மறுபடி தூக்கி, முறைப்படி திறந்தார்.

புகை விலகியது.

கம்பி சுற்றிக்கொண்டிருந்தது. முள்கரண்டிகள் அதில் தளர்ந்து தொங்கின. வான்கோழி, பிறந்ததிலிருந்தே அப்படி இருந்ததைப் போல, அசையாமல் கிடந்தது. அதன் வயிற்றுக்குள் கம்பி மட்டும் நிமிடத்துக்கு ஆறு முறை சுழன்றுகொண்டிருந்தது. கீழ்ப்பாதி கரி, அடுப்புக் கரியிலிருந்து பிரித்தறிய முடியாத, உயர்தரக் கரி. வெப்பமானி அந்தப் பாதியில்தான் இருந்தது. மேல்பாதி வெளுத்து, குளிரில் நிற்கும் ஆள் போலப் புள்ளி புள்ளியாகச் சிலிர்த்திருந்தது.

“ரெண்டு பக்கமும் கூட்டிக் கழிச்சுப் பாத்தா,” என்றார் மெர்வ், “சராசரியா நல்லா வெந்திருக்கு.”

“சராசரியை எந்தத் தட்டுல போடுவீங்க?” என்றார் ஹெதர்.

அப்போது பின்னால் ‘பக்’ என்றொரு சத்தம். நோலீன் குறடால் குமிழைத் திருகி, தட்டடுப்பைப் பற்றவைத்துவிட்டார். அதன்மேல் நான் முன்கூட்டியே ஒட்டியிருந்த ‘அகற்றப்பட வேண்டியது’ என்ற சீட்டு முதலில் எரிந்தது. அவருடைய காரின் பின்னால் இருந்த ஐஸ் பெட்டியில் எட்டுக் கிலோ சாசேஜ் ‘தற்செயலாக’ இருந்தது. கால் மணி நேரத்தில் பதினாறு விருந்தாளிகளும் கையில் ரொட்டியோடு, கன்னத்தில் சாஸோடு நின்றார்கள். எங்கள் நிர்வாகக் குழுவும் உண்டது. கோட்பாட்டளவில் எதிர்த்துக்கொண்டே, ஆளுக்கு மூன்று.

அன்று மாலையே அவசரக் கூட்டம். பாரபட்சமற்ற விசாரணைக்குப் பின் தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. ஒன்று: ஒப்புக்கொண்டபடி கம்பி இரண்டேகால் மணி நேரம் இடைவிடாது சுழன்றதால் சோதனை முழு வெற்றி. இரண்டு: சுழற்சிக்கு ஒத்துழைக்காத வான்கோழிக்குக் கண்டனம். மூன்று: சுழல்கம்பி வெற்றி பெற்றதால், எட்டாம் தீர்மானத்தின்படி தட்டடுப்பை வாசலில் வைப்பது.

“நெஜமாவா?” என்றார் நோலீன்.

“தீர்மானம் தீர்மானம்தானே, நோலீன்” என்றார் ராஸ், புருவத்தை உயர்த்தி. உயர்த்த அங்கே எதுவும் இல்லையென்றாலும்.

வாக்குக் கொடுத்தவர் நோலீன். தட்டடுப்பைத் தானே இழுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தார். லாமினேஷன் செய்த நன்றி அட்டையை நான் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, ஒரு காலுக்கு அடியில் முட்டுக்கொடுத்து அடுப்பைச் சமமாக நிறுத்தினார்.

திங்கள் காலை கவுன்சில் லாரி வந்தபோது வாசலில் அட்டை மட்டும் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமையே ஹெதர் க்வேட் தன் சிறு லாரியைக் கொண்டுவந்திருந்தார். தட்டடுப்பு பின்னால் ஏறியது, நோலீன் முன்னால் ஏறினார்.

இதனால் எங்கள் கிளப்பின் நவீனமயமாக்கல் சிறிதும் பாதிக்கப்படவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். உறுப்பினர்கள் அனைவரும் வெளியூர்ப் பயிற்சியில் இருக்கிறார்கள். சனிக்கிழமை தோறும், ஒரு மணி வாக்கில், போர்ட் வாலிஸில். மெர்வ் போனதும் அங்கேதான். சென்ற வாரம் ராஸும் ‘ஒப்பாய்வுச் சுற்றுப்பயணம்’ சென்று, சட்டையில் வெங்காயத்தோடு திரும்பினார். இங்கே நான் இருக்கிறேன். மோட்டார் கெட்டுவிடக் கூடாதென்று பன்னிரண்டு மணிக்கு ஓட்டுகிறேன். வெறும் கம்பி. நிமிடத்துக்கு ஆறு.

நேற்று ஒரு பதிவுத் தபால் வந்தது. பதினோராம் விதிப்படி எழுத்து மூலமான கேள்வி. நோலீன் ப்ராஸர் முன்மொழிந்தது. வழிமொழிந்தவர்கள் எங்கள் கிளப்பின் முப்பத்தொரு உறுப்பினர்கள். தலைவரின் கையெழுத்தும் இருக்கிறது. பதினாலு நாள் அவகாசம் சரியாகக் கொடுத்திருக்கிறார்கள். கேள்வி ஒரே வரி: ‘வான்கோழி சுத்துதா?’

செயலாளர் பதில் எழுதியாக வேண்டும். அதற்காகக் குறிப்பேட்டைத் திறந்து வைத்திருக்கிறேன். பதினொன்று இருபதுக்குப் புகைத்துளை வழியாகப் பார்த்தபோது, கட்டுக்கு அடங்காத ஒரு இறக்கை என்னைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. பதினொன்று நாற்பதுக்கும் அதே இறக்கை, அதே இடத்தில். பன்னிரண்டுக்கு நான் ஒரு முழு நிமிடம் குனிந்து நின்றேன். வெளியே கோடு ஆறு முறை வந்தது. உள்ளே இறக்கை ஒரு முறைகூடச் சுற்றவில்லை. நிமிர்ந்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

‘மிக’ என்ற சொல்லை அப்போதுதான் சேர்த்தேன்.