கருவாயனின் சட்டப்பூர்வ உரிமையாளர்

நீதி மலையேறிவிட்டது என்று சமவெளியில் பலரும் புலம்புகிறார்கள். புலம்ப வேண்டியதில்லை. மலையேறிய நீதி, ஜவ்வாது மலையின் மேல்சாமைப்பட்டில் நலமாகவே இருக்கிறது. மனித நாகரிகம் இதுவரை கண்ட தீர்ப்புகளுள் தலைசிறந்த ஒன்றை அது அங்கேதான் வழங்கியது. அத்தீர்ப்புக்குக் காரணமாகும் பேறு, சரிதாவின் இடது கெண்டைக்காலுக்கு வாய்த்தது.

புளி உலுக்கும் பருவம். தலையில் புளிக்கூடை, காலடியில் நாய் கருவாயனின் வால். கூடையோடு வந்தவளுக்கு வால் தெரியவில்லை. வாலோடு படுத்திருந்தவனுக்குக் கூடை தெரியவில்லை. கருவாயன் கடித்தான். இந்த வழக்கில் ஒத்திவைப்பு ஏதுமின்றி உடனடியாக நடந்தேறிய செயல் அது ஒன்றுதான் என்பதை இங்கேயே பதிவு செய்துவிடலாம்.

துணை சுகாதார நிலையத்துச் செவிலியர் அருணா, கடிவாயைச் சோப்புப் போட்டு, குழாய் நீரில் நெடுநேரம் கழுவினாள்.

"கட்டு போடலியா சிஸ்டர்?"

"கட்டக் கூடாதுக்கா. ஊசிதான் போடணும்."

"போடு."

"இங்க ஏது ஊசி? செங்கம் ஆஸ்பத்திரிக்குத்தான் போவணும். ஒண்ணோட முடியாது. தேதி தேதிக்குப் போவணும், ஒண்ணுகூடத் தவறக் கூடாது. அந்த நாயையும் கொஞ்ச நாளைக்குக் கண்ணுல வச்சிக்கோங்க. செத்தாலும் சொல்லணும், காணாப்போனாலும் சொல்லணும்."

"கடிபட்ட காலையும் நானே பாத்துக்கணும், கடிச்ச வாயையும் நானே பாத்துக்கணும். நல்லா கீது சிஸ்டர் உங்க வைத்தியம்!"

செங்கத்துக்குப் போவது அக்காலத்தில் எளிதாக இல்லை. சாலையை அகலமாக்கும் உயரிய நோக்கத்தோடு, முதல் கட்டமாகச் சாலையை இல்லாமல் ஆக்கியிருந்தார்கள். ஜீப்பும் லாரியும் எப்படியோ உருண்டு ஏறின. பேருந்து பாதி மலையோடு திரும்பிக்கொண்டது. கணவன் காசி கேரளத்தில் மிளகுத் தோட்ட வேலையில் இருந்தான். முதல் ஊசிக்குச் சரிதா பாதி மலை நடந்தாள். கால் உரல்போல வீங்கிற்று. இரண்டாம் ஊசிக்குப் புளி வியாபாரியின் லாரியில், மூட்டைகளுக்கு மேலே ஒரு மூட்டையாகப் போய்வந்தாள். மூன்றாவது, வரும் வெள்ளிக்கிழமை. புளி தீர்ந்திருந்தது, லாரியும் வராது. எனவே அவள் ஊராட்சித் தலைவர் வெற்றிவேலின் வாசலில் போய் நின்றாள்.

"தலைவரே, வெள்ளிக்கிழமை ஊசிக்குப் போய்ட்டு வர ஒரு வண்டிக்குச் சொல்லுங்க. காலை ஊனவே முடியல."

தலைவர் உண்மையாகவே வருந்தினார். "இன்னாம்மா, இவ்ளோ சின்னதா கேக்கறே? வண்டி யாரு வேணும்னாலும் கேப்பாங்க. உன்னை நாய் கடிச்சிருக்குது. உனக்கு நியாயமே வாங்கித் தர்றேன்."

"நியாயம் செங்கம் வரைக்கும் போவுங்களா?"

"ஐகோர்ட் வரைக்கும் போவும்மா!"

மறுநாளே பந்தல் எழுந்தது. 'நாய்க்கடியும் நாமும்: சட்ட விழிப்புணர்வு முகாம்' என்ற பதாகையில் தலைவர் பெரிதாகவும், நாய் நடுத்தரமாகவும், கடிபட்டவர் இல்லாமலும் அச்சாகியிருந்தார்கள். கலசப்பாக்கத்திலிருந்து வழக்கறிஞர் தனசேகரன் காரில் வந்து இறங்கினார். திரும்பும்போது காரில் ஓர் இடம் கிடைக்குமா என்று சரிதா எட்டிப் பார்த்தாள். பின்னிருக்கை முழுவதும் சட்டப் புத்தகங்கள் கால்நீட்டி அமர்ந்திருந்தன.

"நாய்க்கடி என்பது வெறும் காயமல்ல, அது உரிமைகளின் ஊற்றுக்கண்!" என்று தொடங்கினார் வழக்கறிஞர். கைதட்டல். "பாதிக்கப்பட்டவர் முன்னே இரண்டு வழிகள் இருக்கின்றன."

"அதுல செங்கத்துக்குப் போற வழி எது சார்?" என்றாள் சரிதா.

"கேள்வி நேரம் கடைசியிலம்மா. ஒன்று, நாய்க்கு உரிமையாளர் இருந்தால் அவர் இழப்பீடு தர வேண்டும். இரண்டு, உரிமையாளர் இல்லையென்றால் அது தெருநாய். ஊராட்சியே இழப்பீடு தர வேண்டும்."

தலைவரின் புன்னகை, பதாகையிலிருந்த புன்னகையைப்போல அசையாமல் நின்றது. வழக்கறிஞருக்கு அவசரமாகத் தேநீர் போயிற்று. தேநீரோடு தலைவரும் போய், காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். தேநீர் இறங்கியதும் வழக்கறிஞரின் சிந்தனை மேலும் நுட்பமடைந்தது.

"ஆனால், உரிமையாளர் என்பவர் யார்? இதை நாம் மேம்போக்காக வாசிக்கக் கூடாது. எவர் சோறு போடுகிறாரோ, அவரே உரிமையாளர்!"

பந்தலில் இருந்த தலைகள் எல்லாம் தெருப்பக்கம் திரும்பின. காரணம் இருந்தது. மேல்சாமைப்பட்டில் யாரும் 'என் நாய்' என்று சொல்லும் வழக்கமில்லை. தெரு நடுவில் ஒரு கல்தொட்டி கிடக்கும். ஒவ்வொரு வீட்டிலும் மிஞ்சிய களியும் சாமைச்சோறும் அதில் விழும். அதைத் தின்றவன் தெருவுக்கே பொதுவானவன். அதன்படி, முந்தைய நாள் வரை கருவாயன் எல்லோருக்கும் 'எங்க கருவாயன்'. வழக்கறிஞரின் விளக்கத்தின்படியோ, அந்தத் தெருவே இப்போது குற்றவாளிக் கூண்டில் நின்றது.

சட்ட விழிப்புணர்வு இத்தனை விரைவாக வேலை செய்து எவரும் கண்டதில்லை. முகாம் முடிவதற்குள் தொட்டியைக் கவிழ்த்துப்போட்டார்கள். அடுத்த வீட்டு மங்கம்மாள், கருவாயனுக்குத் தன் கையால் மீன்தலை போட்டு வளர்த்தவள், தலைவர் கேட்டபோது நெஞ்சில் கைவைத்துச் சொன்னாள்:

"எந்த நாயி? இன்னா நாயி? இந்தத் தெருவுல நான் நாயையே பாத்ததில்லீங்க!"

அவள் புடவைத் தலைப்பைக் கவ்வி இழுத்தபடி கருவாயன் வாலை ஆட்டினான்.

"போ, அந்தாண்ட! யாரோ எவரோ தெரியாத நாயி!"

இவ்வாறு ஊரே சட்டத்தை மதித்தது. கருவாயன் பட்டினி கிடந்தான். ஒவ்வொரு வாசலாகப் போய் நின்றான்; ஒவ்வொரு கதவும் சாத்திக்கொண்டது. விலா எலும்புகள் தெரியத் தொடங்கின. ஒரு காலையில் அவன் தள்ளாடியபடி கீழ்க்காட்டுப் பக்கம் இறங்கிப் போவதைச் சரிதா கண்டாள். அவன் போய்விட்டால், வெறி பிடித்த நாயா பசித்த நாயா என்று அவள் எப்படி அறிவாள்? அருணாவிடம் என்ன சொல்வாள்? நொண்டிக்கொண்டே பின்னால் ஓடி, கூப்பிட்டு, வீட்டுக்கு அழைத்துவந்து களியைப் பிசைந்து வைத்தாள்.

"துன்னு. உனக்காக இல்ல, எனக்காகத் துன்னு. நீ காணாப்போனா என் உசுருக்கு யாரு பதில் சொல்றது?"

கருவாயன் தின்றான். வேலிக்கு அப்பால் மங்கம்மாள் நின்றிருந்தாள். கைப்பேசியில் படமெடுக்க அதுவரை அறியாதவள் அவள்; பொதுநலன் ஒரே நொடியில் அதைக் கற்றுக்கொடுத்தது.

விசாரணை வெள்ளிக்கிழமைக் காலையில் கூடிற்று. ஊசிக்குரிய நாளாயிற்றே என்று சரிதா சொல்லிப் பார்த்தாள். நீதி தாமதமாகக் கூடாது என்று பதில் வந்தது.

வழக்கறிஞர் படத்தை உயர்த்திக் காட்டினார். "இந்தக் கை யாருடையது?"

"என்னுதுதான்."

"கையில் என்ன?"

"களி."

"எதிரில்?"

"என்னைக் கடிச்ச நாயி."

"வேறு யாராவது இந்த நாய்க்குச் சோறு போட்டதுண்டா?" என்று அவர் தெருவைக் கேட்டார். தெரு ஒரே குரலில் இல்லையென்றது. ஜவ்வாது மலையில் அவ்வளவு ஒற்றுமையை யாரும் பார்த்ததில்லை.

"ஆகவே, கருவாயனின் சட்டப்பூர்வ உரிமையாளர் சரிதா. அவருடைய நாய் கடித்ததால் பாதிக்கப்பட்டவரும் சரிதா. முன்னவர் பின்னவருக்கு உரிய இழப்பீடு தர வேண்டும்."

தலைவர் எழுந்து நின்று கைதட்டினார்.

சரிதா சுற்றிலும் பார்த்தாள். "அப்ப நானே எனக்குக் குடுக்கணுமா?"

"வாதியும் பிரதிவாதியும் ஒரே வீட்டில் இருப்பதால் சமரசத்துக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறதம்மா. பாதிக்கப்பட்டவரிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்டீர்களா?"

"இல்லீங்க. அவ ரொம்பக் கோவத்துல கீறா. கிட்ட போனா அவளும் கடிப்பா."

சிரிப்பு எழுந்தது. சரிதா சிரிக்கவில்லை; வெயில் ஏறிக்கொண்டிருந்தது. "தலைவரே, உங்க நியாயம் முடிஞ்சிதுன்னா நான் நடக்க ஆரம்பிக்கறேன். இன்னிக்கு ஊசி தவறிச்சின்னா அப்புறம் நாயைப் பாக்க ஆள் தேவையில்ல, என்னைத்தான் பாக்கணும்."

"இரும்மா, இரு," என்றார் வழக்கறிஞர். "உரிமையாளருக்குக் கடமையும் உண்டு. நாய்க்கு உடனே தடுப்பூசி போட்டாக வேண்டும். அதைச் செங்கம் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்."

"அதையும் நடத்தியே கூட்டிட்டுப் போவட்டுமா?"

தலைவர் பதறிவிட்டார். "அய்யய்யோ! கடிச்ச நாயை ரோட்டுல நடத்தியா கூட்டிட்டுப் போவாங்க? வழியில யாரையாவது கடிச்சி வச்சா இன்னா ஆவறது? சட்டம் சும்மா வுடுமா?"

அவர் கைப்பேசியை எடுத்தார். இரண்டே பேச்சு. கூட்டத்துக்கு வந்த தேநீர் ஆறுவதற்குள், தார்ப்பாய் போட்ட ஜீப் ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஏறிவந்து நின்றது. அத்தனை நாள் இல்லாத சாலையில் அது எவ்வளவு இலகுவாக வந்தது!

ஓட்டுநர் சின்னராஜ் தலையை நீட்டினார். "நாயி எங்க?"

"இதோ," என்றாள் சரிதா.

"நீங்க யாரு?"

"அது கடிச்ச ஆளு. எனக்கும் செங்கத்துல இன்னிக்கு ஊசி."

"மனுசங்களை ஏத்தக் கூடாதும்மா. வண்டி நாய்க்குத்தான் சொல்லிக்கீறாங்க."

தலைவர் குறுக்கிட்டார். "டேய், அவங்கதான் நாய்க்கு ஓனர்!"

சின்னராஜ் உடனே இறங்கிவந்து கதவைத் திறந்தார். "முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா? ஏறுங்க, ஏறுங்க. நாய்க்கு ஜன்னலோரம் வுட்டுட்டு அந்தாண்ட தள்ளி உக்காருங்க. வளைவுல அதுக்குத் தலை சுத்தும்."

சரிதா ஏறினாள். கருவாயன் அவள் மடியில் முன்னங்கால்களை வைத்து, காற்றுவாங்கினான். நாயின் பயணத் துணை என்ற தகுதியில், மூன்றாம் ஊசி அன்று பிற்பகலில் உரிய தேதியிலேயே அவள் கையில் ஏறிற்று.

அந்தத் தீர்ப்பின் பயன் அவளோடு நின்றுவிடவில்லை. ஒரு நல்ல தீர்ப்பு சமூகத்தையே மாற்றும் என்பார்கள், மேல்சாமைப்பட்டு மாறிவிட்டது. முட்டிவலிக்கு வைத்தியம் பார்க்கக் கீழே போக வேண்டியிருந்த மங்கம்மாள், கருவாயன் தன் நாய்தான் என்று தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறாள். காய்ச்சல் கண்ட வீடுகளில் அவனுக்குக் கறிச்சோறு. அந்த ஊரில் இப்போது ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால், யாரும் வண்டி கேட்டுத் தலைவர் வீட்டுக்கு ஓடுவதில்லை. முதலில் கருவாயனைத் தேடித்தான் ஆள் அனுப்புகிறார்கள்.